தொண்ணூறாம் நாள் எடை

விஸ்ப். மார்ச் மாதம். மலைமேல் பனி இன்னும் அசையவில்லை.
நூற்று மூன்று பாகையில் எறும்பின் அமிலம் ஓடும் குழாயிலிருந்து
ஜென்க்ளூசன் தண்டை உருவிக் கொடுத்தான்,
கம்பியில் கோத்த இறைச்சி போல அதில் ஐந்து தகடுகள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் அமிலத்தில் போட்டோம், அளந்துதான்,
மில்லிகிராமில் பத்தில் ஒன்று வரைக்கும்.

கரி எஃகு இருந்த இடத்தில்
இரண்டு வளையங்கள் நெருங்கி நின்றன.
அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

டைட்டானியத்தைப் பார்த்துத்தான் வருத்தம்.
விமானத்துக்கும் இடுப்பெலும்புக்கும் போகிற உலோகம்
இங்கே சாம்பல் பூத்து, அப்பளமாய் மெலிந்து.
அதற்கு மூச்சு வேண்டும்.
கொஞ்சம் காற்றுப் பட்டால்தான் தோல் போர்த்திக்கொள்ளும்.
தீப்பிடிக்கக் கூடாதென்று நாங்கள்
குழாயெங்கும் நைட்ரஜன் நிரப்பி வைத்திருந்தோம்.

டெஃப்லான் மூன்று மில்லிகிராம் கூடியிருந்தது.
தின்னக் கொடுக்கவில்லை, குடித்திருக்கிறது.

முந்நூற்றுப் பதினாறு எல் பளபளத்தது.
"ஆண்டுக்கு நூறில் இரண்டு மில்லிமீட்டர்!"
கொள்முதல் பிரிவின் சம்மர்மாட்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.
"போதாதா? விலையைப் பாருங்கள்."

தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு விலகினேன்.
அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
ஏழு துளைகள். ஊசிமுனைகூட அவற்றைவிடப் பெரிது.
மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கிய புதிது.
சராசரி ஆழம் முழங்காலளவு என்று கணக்குப் போட்டு
குடும்பத்தை ஆற்றில் இறக்கினவன்
கணக்கில் தப்பு செய்யவில்லை.

தரவுத் தாளில் 'குளோரைடு: இல்லை' என்றிருக்கிறது.
அளக்காததற்கும்
இல்லை என்றுதான் எழுதுகிறார்கள்.

ஐந்தாவது ஹாஸ்டெல்லாய்.
அச்சடித்த எண்ணின் ஓரம்கூட மழுங்கவில்லை.
விலை ஆறு மடங்கு.
சம்மர்மாட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிக்கொள்ளவில்லை.

தொண்ணூறு நாளை இருபது ஆண்டாக இழுத்துக்
கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு.
எவ்வளவு இழுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் நூலாகிவிடும்.

பேனாவை எடுக்குமுன் ஜென்க்ளூசனிடம் கேட்டேன்,
இரவு முறையில் எங்கே நிற்பாய் என்று.
வரைபடத்தில் விரலை ஓட்டி
மூன்றாவது வளைவுக்கு நேர் கீழே நிறுத்தினான்.

"அங்கே குளிர் தெரியாது" என்றான்.