இரண்டு சைதாப்பேட்டை

ஃபேனை நிறுத்திவிட்டேன்.
மே மாதம். லாங்கு பஜாருக்குப் பின்சந்து.
தகரத்துக்குக் கீழே
ரவையை விடக் கொஞ்சம் பெரிசான ஒன்றை
இடுக்கியில் பிடித்திருக்கிறேன்.
காற்று வேண்டாம்.
தும்மலும் வேண்டாம்.

ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பிலிருந்து வந்த போர்டு.
டிரம்மைச் சுற்று, நில் என்று சொல்ல ஆறு ரிலே.
நாலாவது பேசவில்லை.
"கருகினதுதான் கண்ணுக்குத் தெரியுதே மேடம்,
அதையே ஒண்ணு வாங்கிப் போட்டா ஆச்சு"
என்கிறார் தணிகாசலம்.
அவர் சட்டையில் சுண்ணாம்பு வாடை.

அதையே.
அது எது?
மூன்று கால், பெயர் இருந்த இடத்தில்
ஒரு சின்னப் பள்ளம்.

ரெசிஸ்டர் என்றால் கவலையில்லை.
472 என்று முதுகிலேயே எழுதியிருக்கும்:
நாற்பத்தேழு, பின்னால் இரண்டு சுழி,
நாலாயிரத்து எழுநூறு ஓம். முடிந்தது.
மண்நிறக் கெப்பாசிட்டர் வாயே திறக்காது,
கழற்றி அளந்தால்தான் உண்டு.
இந்த மூன்றுகால்காரன் இரண்டுக்கும் நடுவே.
இரண்டெழுத்து சொல்வான்,
மிச்சத்தை நீ கண்டுபிடி என்பான்.

சரி, உயிரோடிருக்கும் ஐந்து பேரைக் கேட்போம்.
வார்னிஷைச் சுரண்டி
லென்ஸை மூக்குக்கு இழுத்து
விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்
1A.
ஓரத்தில் படுத்துக் கிடந்த குட்டி எழுத்து
வார்னிஷோடு போய்விட்டது.
என் கைதான்.

1A என்று இரண்டு வம்சம் உண்டு.
எங்கள் வீடு சைதாப்பேட்டை, வேலூர்ச் சைதாப்பேட்டை.
எனக்கு வந்த கூரியர் மூன்று முறை
மெட்ராஸ் சைதாப்பேட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கிறது.
பெயரை நம்பி அனுப்பினால் அப்படித்தான்.
யார் பக்கத்தில் குடியிருக்கிறார்,
என்ன வேலை பார்க்கிறார்,
எவ்வளவு சுமப்பார் என்று கேட்கவேண்டும்.

கேட்டேன்.
ஒரு வம்சம் நாற்பது வோல்ட் தாங்கும்,
இன்னொன்று அறுபத்தைந்து.
ரிலேச் சுருளுக்கு இருபத்துநாலு போதும்.
கால்களின் வரிசையும் ஒன்றே.
யாரைப் போட்டாலும் ஓடும்.
அப்படியானால் இவன் ஏன் செத்தான்?

மீட்டரைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.
சுருளின் குறுக்கே ஒரு கண்ணாடி டயோடு,
கருப்புப் பட்டி போட்டது, சுத்தமாக, பளபளவென்று.
மற்ற ஐந்திடமும் கிடைத்த எண்
இதனிடம் கிடைக்கவில்லை.
விளக்கை இன்னும் சாய்த்தேன்.
மயிரிழை விரிசல்.
சுருள் அணையும்போதெல்லாம் உதைத்த உதையை
வாங்கவேண்டியவன் வாங்காமல் நிற்க
மூன்றுகால்காரன் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறான்.

தணிகாசலத்துக்கு லென்ஸைக் கொடுத்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"இன்னா மேடம், நல்லாத்தானே கீது" என்றார்.

டயோடு மாற்றினேன்.
அறுபத்தைந்து தாங்குகிறவனை வைத்து
மூன்று கால்களிலும் ஈயம் மினுங்கும்வரை மூச்சு விடவில்லை.
முதலில் எடுத்து வைத்தவன்
இடுக்கியிலிருந்து துள்ளி எங்கோ போனான்.
இது இரண்டாமவன்.

கருகியதை நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்டி
பக்கத்தில் எழுதினேன்:
1A, ராணிப்பேட்டை, டிரம், நாலாவது.
எந்த வம்சம் என்ற இடத்தில் கேள்விக்குறி.

இரவு பதினொன்றேகாலுக்குச் செய்தி வந்தது:
டிரம் சுத்துது மேடம்.
உடனே பதில் போட முடியவில்லை.
ஃபேனை இன்னும் போடாமல்
டார்ச்சோடு தரையில் முட்டி போட்டிருந்தேன்,
துள்ளிப் போனவனைத் தேடி.