கெளுத்தி

கௌரி பேரில் முன்னூற்றுப் பன்னிரண்டு வரி.
அத்தனையும் காலை ஏலம். அத்தனையும் கடன்.
திருப்பிக் கட்டியதாக ஒரு வரிகூட
கிரெப் காட்டவில்லை.

"தெனமும் சாயங்காலம் வந்து கட்டினேன்.
எண்ணி வாங்கினது அந்தக் கண்ணாடிக்காரரு."
கூடையை இறக்காமலே சொன்னாள்.
ஐஸ் தண்ணீர் என் மேசையில் சொட்டியது.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்,
தீர்ப்பு சொல்கிற மாதிரி.
எண்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது.
அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

கடலூர் முதுநகர், துறைமுகத்தில்
மாசிலாமணியின் ஏலக் கடை.
நாளைக்கு இரண்டு கோப்பு, ஆறு வருஷம்.
காலையில் நான் அடிப்பேன், மாலையில் கஜபதி.

அன்று ராத்திரி
மாலைக் கோப்பு ஒன்றைத் திறந்து
கண்ணால் தேடினேன், வெறும் கண்ணால்.
இருந்தாள்.
கெளரி, ஐந்நூறு, வரவு.
கெளரி, முன்னூறு, வரவு.
கண்ணுக்குத் தெரிகிறவள்
கட்டளைக்கு ஏன் தெரியவில்லை?

இறால் உரிக்கிற மாதிரி
பெயரை எண் எண்ணாக உரித்துப் பார்த்தேன்.
என் கௌரியில் க-வுக்கு ஒரே குறி.
அவர் கெளரியில் ஒரு கொம்பு,
பக்கத்தில் தனியாக ஒரு ள.
பார்த்தால் ஒரே முகம்.
உள்ளே வேறு எலும்பு.

கஜபதி விசைப்பலகையில்
இடது கீழ் மூலைப் பொத்தான்
உப்புக் காற்றில் இறுகிப்போய் ஆறு வருஷம்.
ஔ வராது.
மனிதர் புகார் சொல்லவில்லை;
கொம்பும் ள-வும் வைத்து ஒப்பேற்றிவிட்டார்.

சின்ன வேலைதான் என்று நினைத்தேன்.
செட்டுக்கு ஒரே வரி:
கொம்புக்கு அடுத்து ள வந்தால் ஔ ஆக்கு,
எல்லாக் கோப்பிலும், எல்லா இடத்திலும்.
என்டர்.

கௌரி சேர்ந்தாள்.
பௌர்ணமி சேர்ந்தது. வௌவால் மீன் சேர்ந்தது.
வெள்ளிக்கிழமைகள் எல்லாம் உடைந்தன.
வெள்ளத்துக்குக் கடை மூடிய ஒன்பது நாளும் உடைந்தன.
கெளுத்தி,
அவள் ஆறு வருஷம் கடனுக்கு வாங்கி விற்ற கெளுத்தி,
வரிக்கு வரி மீசை பிய்ந்து
புள்ளி வட்டம் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு கிடந்தது.

நல்லவேளை, நகல் எடுத்து வைத்திருந்தேன்.
இரண்டாம் முறை பயந்து பயந்து எழுதினேன்:
ள-வுக்குப் பின்னால்
புள்ளி, கால், கொக்கி எது ஒட்டியிருந்தாலும்
கை வைக்காதே.
ஓட்டுவதற்கு முன் மாறப்போகிற வரிகளை மட்டும்
தனியாக வடித்துப் பார்த்தேன்.
ஒன்றே ஒன்று இடித்தது.
பேச்சு வழக்கில் கஜபதி எழுதிய செலவு:
வெளக்கு, நாற்பது ரூபாய்.
அதற்கு விதி இல்லை.
கையால் காப்பாற்றினேன்.

பிறகு குழாய்க்குள் குழாய் சொருகி
ஆக் கூட்டட்டும் என்று விட்டேன்.
கடன் எண்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது.
வரவு எண்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம்.
மூன்று தரம் ஓட்டினேன்.
மூன்று தரமும் அதே.

காலையில் மாசிலாமணி
கல்லாவிலிருந்து நானூற்று ஐம்பதை எடுத்துக்
காற்றாடிக்குப் பறக்காமல் எடைக்கல்லின் கீழ் வைத்தார்.
பேசவில்லை.
நான்தான் பேசினேன். திரையைக் காட்டி,
இது ஒரு கௌரி, இது வேறு கெளரி,
மெஷினுக்கு ரெண்டு பேரும் வேற வேற ஆள் என்றேன்.

குனிந்து பார்த்தாள்.
"ரெண்டும் நாந்தானே."

காசை இடுப்பில் செருகிக்கொண்டு
இன்றைக்குக் கெளுத்தி என்ன விலை என்றாள்.
கடனா என்று கேட்க வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.

புது விசைப்பலகை வாங்கித் தருகிறேன் என்றதற்கு
கஜபதி வேண்டாம் என்கிறார், கை பழகிவிட்டதாம்.
இன்று மாலையும் கொம்பு வைத்து ள அடிப்பார்.
இரவு பத்து மணிக்கு
யாரும் இல்லாத கடையில்
என் ஸ்கிரிப்ட் எழுந்து
அவளைச் சேர்த்து வைக்கும்.
மறுநாள் வந்ததும் முதல் வேலையாக
மீன்களை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்,
மீசை இருக்கிறதா என்று.