நூற்றுப் பதினான்காம் பிளாக், கடைசி வரிசை

முப்பத்தொரு சீசன் பார்த்துவிட்டேன்.
எரி ஏரிக் காற்று
நிச்சயமான ஹோம் ரன்னைக்கூட
பிடித்திழுத்துக் கையுறைக்குள் போட்டுவிடும்.
முதலாளிக்கு இது தெரியாது.
அவர் புளோரிடாவில் இருக்கிறார்.

இடக்கைப் பிட்சரை விற்றது பாவம்.
அந்தக் காசில் வாங்கிய ஸ்கோர்போர்டில்
நம் சைபர்கள் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன.
கோச் ப்ரோஹாஸ்கா எட்டாவது இன்னிங்ஸில்
பிட்சரை மாற்றுவது
நனைந்தபின் குடை விரிப்பது.
பியர் பதினோரு டாலர்.
அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

டெல்காடில்யோவைப் பற்றிப் பேசுவேன்.
பந்து வளையுமுன்பே
இடது கால் வெளியே ஓடிவிடும்,
கடன்காரனைக் கண்டதுபோல.
மூன்று வருஷமாகக் கத்துகிறேன்:
"காலை ஊன்றுடா, ஊன்று!"

செவ்வாய்க்கிழமை, தபால் பையோடு
மேப்பிள் தெருவில் ஒரு கதவைத் தட்டினேன்.
பதிவுத் தபால். கையெழுத்து வேண்டும்.
திறந்தவன் இடுப்பில் கைக்குழந்தை.
வெறுங்கால். அதே இடது கால்.
என் குரல் கேட்டு நிமிர்ந்தான்:
"நூற்றுப் பதினான்கு?"
பொய் சொல்லியிருக்கலாம்.
"நீங்கள் சொல்வது சரிதான்," என்றான்,
"கால்தான் கேட்க மாட்டேன் என்கிறது."
கிறுக்கிவிட்டுப்
பேனாவைத் திருப்பித் தந்தான்.

இன்று வெள்ளி. இரண்டு அவுட்.
வளைபந்து வருகிறது, கால் கிளம்புகிறது.
பக்கத்து இருக்கை டுவெய்ன் திரும்பிப் பார்க்கிறான்:
என்ன லொரேன், தொண்டை கட்டிவிட்டதா?
வேர்க்கடலைத் தோட்டை நசுக்கியபடி
எனக்கே கேட்காமல் சொன்னேன்:
"ஊன்றப்பா."

எட்டாவது இன்னிங்ஸில் குரல் திரும்பியது.
ப்ரோஹாஸ்கா
பிட்சரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.