பின்சக்கரம்

கார்த்திகை மழையில்
ட்ரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால்
மிதிப்பது மிதிப்பாகவே இருக்காது.
நீடாமங்கலம் கேட்டில்
முப்பது மூட்டை நெல்லோடு வழுக்கிப் போய்
டவுன் பஸ்ஸின் முதுகைத் தொட்டேன்.
‘நன்றி மீண்டும் வருக’வில்
‘மீண்டும்’ மட்டும் நெளிந்தது.

ரபியுதீன் பட்டறையில்
மூன்று நாள் ஜாக்கியில் நின்றது வண்டி.
சுத்தியலால் தட்டத் தட்ட
ட்ரம்மிலிருந்து உதிர்ந்தது
பதினேழு வருடத்து லைனிங் தூள்,
காய்ந்த சேறு,
ஒரு நத்தை ஓடு.
“இது வாடகை கொடுத்துச்சாம்மா?”

டிஸ்க்கும் காலிப்பரும்
புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வந்தவை,
எந்தக் காரின் கால்களோ.
பிராக்கெட் பொருந்தவில்லை.
லேத்துக்கு இரண்டு முறை போய் வந்தது.

காற்று எடுப்பதற்கு என் கால்தான்.
“மிதி, தையல்நாயகி.”
மிதித்தேன்.
“பிடி.”
பிடித்தேன்.
நிப்பிளில் குமிழி, எண்ணெய், மறுபடி குமிழி.
அவர் சொல்லுமுன்
ஒருமுறை காலை எடுத்துவிட்டேன்.
அச்சுக்கு அடியிலிருந்து ஒரு வசவு வந்தது,
பின்னாலேயே “மன்னிச்சுக்கம்மா”.
முதலிலிருந்து மிதித்தேன்.

மறுநாள் தூறலில்
வெண்ணாற்றுப் பாலத்து இறக்கத்தில்
ஆடு ஒன்று குறுக்கே வந்தது.
வண்டி நின்றது.
மூட்டைகள்தான் முன்னால் வந்து இடித்தன.
ஆடு என்னைப் பார்க்கவுமில்லை,
சுவரொட்டியைத் தின்னப் போய்விட்டது.

கைப்பிரேக்குக்கு மட்டும் வழியில்லை.
அந்தக் காலிப்பரில் கேபிள் மாட்ட இடமே கிடையாது.
“நம்ம பக்கம் மேடு ஏதும்மா?” என்கிறார்.
பாலமெல்லாம் அவர் கணக்கில் இல்லை.
சீட்டுக்கு அடியில்
அரைச் செங்கல்
அப்படியே கிடக்கிறது.