முந்நூற்றுப் பதினேழாம் பக்கம்

பதிப்பகத்தார் கேட்டது ஒரு பக்க அறிக்கை:
பழைய மொழிபெயர்ப்பையே மறுபடி அச்சிடலாமா,
புதியதற்கு உரிமை வாங்கலாமா.
இருநூறு யூரோ. வெள்ளிக்கிழமைக்குள்.

தார்த்து நூலகம், மூன்றாம் மாடி.
வெளியே பிப்ரவரி. எமயோகி ஆறு
நடுவில் மட்டும் உறையாமல் கறுப்பாக ஓடுகிறது.
மேசைமேல் மூன்று தலையணைகள்:
ஜெர்மன் மூலம், முப்பத்தெட்டில் வந்தது, போன வருடம் வந்தது.
மறதியைப் பற்றி எண்ணூறு பக்கம் எழுதியவரை
யாரும் முழுதாக நினைவில் வைத்ததில்லை.

நான் முன்னுரையில் தொடங்குவதில்லை.
முன்னுரையில் எல்லோரும் நல்லவர்கள்.
முதுகைப் பார்ப்பேன்.
பழையது நூலால் தைத்தது, விரித்தால் படுத்துக்கொள்கிறது.
புதியது பசை. நாற்பதாம் பக்கத்திலேயே
படாரென்று முறைத்தது.
பிறகு சொல்லடைவு. பழையதில் இல்லவே இல்லை.
புதியதில் வெங்காயத்துக்குக்கூட இடமுண்டு;
நம்பாமல் போய்ப் பார்த்தேன், இருந்தது.

பிறகு அந்த இரண்டு சொற்கள்:
தானாக வரும் நினைவுக்கு ஒன்று,
தேடிப்போய் எடுத்துவரும் நினைவுக்கு ஒன்று.
ஆசிரியர் அறுபது பக்கம் செலவழித்துப் பிரித்தவற்றைப்
புதியவர் ஒரே சொல்லில்
சமரசம் செய்து வைத்திருக்கிறார்.
பழையவர், ஓஸ்கர் லீவக்கு, பிரித்தே விட்டார்.
ஓரிடத்தில் அவர் அடிக்குறிப்பு:
"இவ்வாக்கியம் எனக்கு விளங்கவில்லை. ஓ. லீ."
அதற்காகவே அவருக்கு ஓட்டுப் போட்டேன்,
மனத்துக்குள், காலை பதினோரு மணிக்கு.

அப்புறம்தான் முந்நூற்றுப் பதினேழு.
ஒப்பிடத் தேவையே இல்லை.
முப்பது வருடம் கரும்பலகையில் நான் எழுதிய வரி:
"மறந்ததே, தொலைந்து போ."
எண்ணூறு பக்கம் வாதாடியவர்
இங்கே மட்டும் கதவைக் காட்டுகிறார் என்பேன்.
அவருடைய ஒரே கட்டளை என்பேன்.
என் பிரதியில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது;
அச்சுப்பிழை என்று நானே பென்சிலால் போட்டேன்.
கௌப்போ அதை வைத்தே முனைவர் பட்டம் வாங்கினான்:
மறதியும் ஏவல் வினையும், இருநூற்றிருபது பக்கம்.
இப்போது ரீகாவில் ஆசிரியன். அவனுக்கும் மாணவர்கள்.

நூலகப் பிரதியின் பின்னட்டைக்குள்
பாதி ஒட்டி, பாதி தொங்கும் ஒரு சீட்டு,
சினிமா டிக்கெட் அளவு. என் பிரதியில் இல்லாதது.
"பக்கம் 317, வரி 9: 'எய்' விடுபட்டுள்ளது. பொறுத்தருள்க."

எய். எங்கள் மொழியில்
இல்லை என்று சொல்ல அவ்வளவே போதும்.
அதை உருவிவிட்டால் மிஞ்சும் வினை
அப்படியே ஏவலாகிவிடும், இலக்கணம் முனகக்கூட முனகாது.
மறந்தது தொலைவதில்லை என்று அவர் சொன்னார்.
தொலைந்து போ என்று என் காதில் விழுந்தது.

மூலத்தைத் திருப்பினேன். அங்கே அந்த மறுப்பு
எவர் கண்ணுக்கும் படும்படி உட்கார்ந்திருக்கிறது.
நான் படித்த காலத்தில் மூலம் பூட்டிய அறையில்;
பார்க்க மூன்று கையெழுத்து வேண்டும்.
அறையைத் திறந்தபோது வரி எனக்கு மனப்பாடம்.
மனப்பாடமானதை யார் சரிபார்ப்பார்கள்?

சிரித்துவிட்டேன் போல. அடுத்த மேசைப் பையன்
காதில் இருந்ததைக் கழற்றிப் பார்த்தான்.
எந்தெல் என்னை விட்டுப்போன குளிர்காலம் முழுக்க
அந்தக் கட்டளையைத்தான்
தினமும் எனக்குப் போட்டுக்கொண்டேன்.
ஒன்றும் தொலையவில்லை. அவன் இருமல் உட்பட.
அதுவும் ஓர் ஒப்புநோக்கல்தான்,
நான்தான் ஓரத்தில் குறித்து வைக்கவில்லை.

அறிக்கை எழுதினேன்:
பழையதையே அச்சிடுங்கள். தைத்தே கட்டுங்கள்.
சொல்லடைவு சேருங்கள், வெங்காயம் வேண்டும்.
பிழையை வரிக்குள்ளேயே திருத்துங்கள், சீட்டு வேண்டாம்,
ஒட்டியது உதிரும்.

கௌப்போவுக்கு நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன்.
கடைசியில் சீட்டின் நகலை மட்டும் உறையில் போட்டேன்.
பொறுத்தருள்க என்று
அதிலேயே அச்சிட்டிருந்தது.