பலகைச் சத்தம்

முதல் ஆட்டத்தை முன்வரிசையில் உட்கார்ந்து
கண் கொட்டாமல் பார்த்தேன்.
மூன்றுக்கு ஒன்று. தோற்றோம்.
இரண்டாவது ஆட்டத்தன்று செராஸில் ஒரு லிஃப்ட்
பதினான்காம் மாடிக்கும் பதினைந்துக்கும் நடுவில் நின்றுபோக,
கிரீஸ் கையோடு அதன் தலைமேல் கிடந்தேன்.
ஜெயித்தோம்.

கணக்கு எல்லாருக்கும் புரிந்துவிட்டது.
"நீ உள்ள இருந்தா உருப்படாது, வெளிய நில்லு"
என்றான் தயாளன், டிக்கெட் காசையும் வாங்கிக்கொண்டு.
லோகேந்திரன் என் தொப்பியை மட்டும்
என் நாற்காலியில் உட்கார வைத்தான்.
பதினோரு வருஷமாய் செந்தூல் ரயில்வேக்குக் கத்துகிறோம்;
கோப்பைக்கும் எங்களுக்கும் ஏழாம் பொருத்தம்.

புக்கிட் ஜாலில் மைதானத்துக்குப் பின்னால்
ஆம்புலன்ஸுக்கும் குப்பைத் தொட்டிக்கும் இடையில்
ஏற்கெனவே ஒருத்தி நின்றிருந்தாள்.
கிள்ளான் துறைமுகத்தின் நீலச் சட்டை, நரைத்த பின்னல்,
கையில் கச்சாங் பூத்தே பொட்டலம்.
"நீயும் ராசியில்லாத ஆளா?" மலாயில் கேட்டாள்.
ஹர்பன்ஸ் கோர் என்று பெயர்.
"கோலி என் மகன்.
நான் பார்த்தால் பந்து அவன் காலிடுக்கில் போகும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம்.
இந்தப் பக்கம் மழை விட்ட தார், அரைப் பொட்டலம் கடலை.
இடப்பக்கம் உறுமி அதிர்ந்தால் நாங்கள்,
வலப்பக்கம் தகர டின் என்றால் அவர்கள்,
இரண்டும் சேர்ந்தால் நடுவரைத் திட்டுகிறார்கள்.

உறுமி.
தகரம். தகரம்.
அப்புறம் வெகுநேரம் கொசு மட்டும்.
கடைசி நிமிஷமாய் இருக்க வேண்டும்,
உறுமி.

ஷூட்-அவுட்.
ஒற்றைக்கு ஒற்றை, எட்டு நொடி.
விசில் ஊதியதும்
அவள் பஞ்சாபியில் எண்ணினாள், நான் தமிழில்;
அவள் ஏழுக்குப் போகையில் நான் ஆறில் இருந்தேன்.
லிஃப்ட் கயிறு அறுந்தால் தரைக்கு வர
எட்டு நொடி ஆகாது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தும் ஐந்தும் முடிந்து நாலுக்கு நாலு.
ஆறாவதாக அவர்கள் ஆள்.
எட்டு என்றோம். ஒன்பதும் எண்ணிவிட்டோம்.
உறுமி.
அவள் எடுத்த கடலை
வாய்க்குப் போகாமல் விரலிலேயே நின்றது.

அடுத்து எங்கள் ஆள். யாரென்று தெரியாது.
விசில்.
ஒன்று. இரண்டு.
ஆம்புலன்ஸ் டிரைவர் பாக்கிச் சோற்றை மூடி வைத்தார்.
நாலு.
ஐந்து.
ஆறு
டொக்.

"பலகை" என்றாள்.

வலைக்கு அடியில், மரப்பலகையில் பந்து படும் சத்தம்.
அவன் பல் விழுந்த வயசிலிருந்து அவளுக்கு அது தெரியும்.
எங்கள் உறுமி அதற்கு அப்புறம்தான் வந்தது,
ஒரு முழு மூச்சு தாமதமாய்.
பதினோரு வருஷம் காத்திருந்த வெற்றியை
முதலில் என்னிடம் சொன்னது
தோற்ற கோலியின் அம்மா.

குதிக்கத்தான் நினைத்தேன்.
முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.
"போ லா" என்றாள், "உன்னைத் தேடுவார்கள்.
நான் எங்கே நிற்பேன் என்று அவனுக்குத் தெரியும்."
பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எல்.ஆர்.டி.யில் செந்தூல் வரைக்கும்
ஒரே கோலை மூன்று பேர் மூன்று விதமாய் அடித்தார்கள்.
ரிவர்ஸில் அடித்தான் என்றான் தயாளன்.
இல்லை, கோலியின் தலைக்கு மேல் தூக்கிவிட்டான் என்றான் லோகேந்திரன்.
தலைக்கு மேல் போனால் பலகையில் எப்படிப் படும்?
குணவதி போனை நீட்டினாள், "நீயே பாரு."
கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த வருஷமும் இருக்கிறதே.
ஒரு சத்தமும் போடாமல் தொண்டை கட்டியிருந்தது.

"ஆறாவது நொடி" என்றேன்.
"இவனுக்கு என்ன தெரியும்" என்று
என் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.