நாற்பத்திரண்டு கிராம்

என் பெயரிலேயே சீனி.
சீனி உதுமான்.
பரிசோதனைக்கூடத்துப் பிள்ளை தாளை நீட்டும்போது
பெயரைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள்,
உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கீட்டோ.
சோறில்லை, தோசையில்லை.
பலாப்பழ வண்டி வந்தால்
வேறு தெருவில் எனக்கு வேலை இருக்கும்.
தொண்டிக்காரனுக்கு இதெல்லாம் சிரமமா என்கிறார்கள்.
கடலில் மாவு விளைவதில்லைதான்.
காலையில் பொரித்த நகரை,
மதியம் நண்டு, இரவு முட்டை,
தேங்காய்ப்பால் குழம்பு, வெறும் கரண்டியில்.
ஐம்பத்தொரு நாள்.
நாலு மணியைத் தவிர
எல்லா மணியும் என் சொல்பேச்சு கேட்டன.

நாலு மணிக்கு
நண்டு கம்பெனி வாசலில்
மர்லியா அடுப்பைப் பற்றவைப்பார்.
கொண்டல் காற்று
கடல் வாசத்தை வழியிலேயே இறக்கிவிட்டு
எண்ணெய் வாசத்தை மட்டும் தூக்கிக்கொண்டு
என் எடைமேசைக்கு வரும்.

"கோதுமதானே அண்ணே, சுகருக்கு நல்லதாச்சே"
என்றான் வேன் ஓட்டும் பிரிட்டோ.
மைதாவும் கோதுமைதான் தம்பி.
அரைத்தாலும் சலித்தாலும்
உள்ளே போனால் ஒரே குலம்.

டப்பாவில் அடைக்கும் முன்
நண்டுச் சதையை நிறுக்கும் தராசு,
ஒரு கிராம் பிசகாது.
நேற்று அதில் ஒரு சமோசாவை வைத்தேன்.
நாற்பத்திரண்டு.
பிரித்து வைத்தேன்:
மடிப்பு இருபத்தாறு,
கைமாவும் வெங்காயமும் பதினாறு.

சதை பிரிக்கும் பெண்களின் கத்திகள் நின்றன.
"ஓட்டத் தூக்கிப் போடுங்க, சதைய வச்சுக்கங்க.
காலைலேர்ந்து நாங்க என்ன செய்யிறோமாம்?"
ஜெசிந்தா சொன்னது நியாயமாகத்தான் பட்டது.
பதினாறு கிராமை வாயில் போட்டேன்.
நன்றாக இருந்தது,
வீட்டுச் சட்டியில் இருப்பதைப் போலவே.

மர்லியா வாசலிலிருந்து பார்த்துவிட்டார்.
"கைமா எல்லார் வீட்லயும் இருக்கு.
நான் காசு வாங்குறது மடிக்கிறதுக்கு."
முகத்தைத் திருப்பி
அடுத்த பட்டியை முக்கோணமாய் மடித்து
ஓரத்தில் மாவுப்பசை தொட்டு ஒட்டினார்,
கடிதம் ஒட்டுகிறவர் மாதிரி.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
இருபத்தாறில்
எண்ணெயையும் ஈரத்தையும் கழித்தால்
மாவுச்சத்து சுமார் பதினாலு.
நாளொன்றுக்கு நான் எனக்கு அளந்தது இருபது.
ஆக,
ஆகும்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.
ஆகாது என்று வந்திருந்தால்
புரண்டு படுத்துத் தூங்கியிருப்பேன்.
ஆகும், ஒன்று மட்டும்
என்றால் எப்படித் தூங்குவது?
ஒரே ஒரு சமோசா தின்றுவிட்டு
எழுந்து போனவனை
தொண்டியிலிருந்து தேவிபட்டினம்வரை
யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்,
அவனிடம் ஒன்று கேட்க வேண்டும்.

இன்று நாலு மணிக்கு நானே போனேன்.
ஒன்று, என்றேன்.
முனையிலிருந்து தொடங்கினேன்.
கைமா எட்டாத மூலை அது,
மூன்று மடிப்பும் கூடிக்
கெட்டிப்பட்ட வெறும் மாவு.
பற்களுக்கிடையில் அது உடைந்தபோதுதான் தெரிந்தது,
இத்தனை வருடமும்
நான் தின்றது இந்த மூலையை.
மற்றதெல்லாம் அதற்குத் துணைக்கு வந்தவை.

காகிதத்தில் கை துடைத்து
இருபது ரூபாய் நீட்டினேன்.
மர்லியா டப்பாவைத் துழாவினார்.
"சில்லறை இல்லியே.
இன்னொண்ணு எடுத்துக்கங்க."

தராசு உள்ளே இருந்தது.